ஏழு மாதத் தவணை

சட்டம் ஓர் உரிமையை வழங்கிவிட்டது என்று கேள்விப்பட்டதும் நம்மவர் நிம்மதியடைந்து விடுகின்றனர். அவ்வுரிமையை எந்த நாளில், எந்த வாசலில், எந்தப் பத்திரத்தில் ஒப்பமிட்டுக் கேட்க வேண்டும் என்று விசாரிப்போர் மிகச் சிலரே. உறுதியும் தோம்பும் பெட்டிக்குள் பத்திரமாயிருக்க, அயலவன் வேலியைத் தள்ளிப் பத்து ஆண்டுகள் ஆட்சி செய்து முடித்த பின்னர் நியாயத்தலத்துக்கு ஓடி வந்தவர்களை நாம் கண்டிருக்கிறோம். அவர்களுடைய உரித்து உண்மையானது. ஆயினும் காலம் கடந்துவிட்டது. காணி வழக்கில் இந்த விதி எல்லோருக்கும் தெரியும். நோயுற்ற முதியவரின் வைத்தியச் செலவுக்கும் இத்தகைய விதி ஒன்றை ஒரு நாடு வைத்திருக்கிறது என்பதையும், அது எமது குடும்பங்களைத் தொடுகிறது என்பதையும் அண்மையில் எம்மைக் காண வந்த ஒருவரின் கதையினாலேயே நாம் நன்கு உணர்ந்தோம்.

வந்தவர் ஓய்வுபெற்ற ஆசிரியர். எழுபத்தைந்து வயதைக் கடந்தவர். மகள் அழைக்க, 2019 மார்ச் மாதம் மனைவியோடு அமெரிக்காவுக்குச் சென்று நிரந்தர வதிவுரிமை பெற்றவர். கொடிகாமத்தில் தமக்குள்ள தென்னங்காணியை விற்று, மகளின் தலைமேல் விழுந்த வைத்தியசாலைக் கடனில் ஒரு பங்கையாவது தீர்க்க முடியுமா என்று ஆலோசனை கேட்கவே அவர் எம்மிடம் வந்திருந்தார். கடன் எப்படி வந்தது என்று கேட்டோம்.

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் 65 வயதை எய்தியோருக்கென அரசாங்கம் நடத்தும் நோய்க் காப்புறுதியின் பெயர் மெடிக்கெயார். வைத்தியசாலையில் தங்கிச் சிகிச்சை பெறுவதற்கு ஏ பகுதி. வைத்தியரைக் காண்பதற்கும் வெளிநோயாளர் சிகிச்சைக்கும் பீ பகுதி. மருந்துக்கு டீ பகுதி. அந்நாட்டின் பிரசையல்லாத நிரந்தர வதிவாளர், தாமோ தம் வாழ்க்கைத் துணையோ அங்கு உழைத்துப் போதிய வரி செலுத்தியிராவிட்டால், ஐந்து ஆண்டுகள் தொடர்ச்சியாக அங்கு வாழ்ந்த பின்னரே இதற் சேரலாம். எமது ஆசிரியருக்கு அந்த ஐந்து ஆண்டுகள் 2024 மார்ச்சில் நிறைவுற்றன. அம்மாதத்துக்கு முந்திய மூன்று மாதங்கள், அம்மாதம், பிந்திய மூன்று மாதங்கள் ஆகிய ஏழு மாதங்களே அவர் பதிவு செய்வதற்குரிய முதற் காலம். அதாவது 2023 டிசெம்பர் தொடக்கம் 2024 ஜூன் முடிய.

இதனை அவ்வீட்டில் எவரும் அறிந்திருக்கவில்லை. மருமகன் படித்தவர், பொறியியலாளர். ஒவ்வோர் ஆண்டும் ஒக்டோபர் 15 முதல் டிசெம்பர் 7 வரை தொலைக்காட்சியில் மெடிக்கெயார் விளம்பரங்கள் இடைவிடாது வருவதைக் கண்டு, சேரும் காலம் அதுதான் என்று அவர் தீர்மானித்துவிட்டார். அரசாங்கக் காப்புறுதி வரப்போகிறதே என்ற நம்பிக்கையில், அதுவரை வைத்திருந்த தனியார் காப்புறுதியைச் செப்டெம்பரில் கைவிட்டனர். ஒக்டோபரில் அலுவலகத்துக்குப் போனபோதுதான் உண்மை வெளிப்பட்டது. அந்த ஒக்டோபர்க் காலம், ஏற்கெனவே உள்ளே இருப்பவர்கள் தங்கள் திட்டத்தை மாற்றிக்கொள்வதற்கானது. புதிதாக வருபவருக்கு அது வாசல் அன்று. முதற் காலத்தைத் தவறவிட்டவர் ஜனவரி 1 முதல் மார்ச் 31 வரையுள்ள பொதுப் பதிவுக் காலத்திலேயே வரவேண்டும். அலுவலர் சொன்னது சட்டப்படி முற்றிலும் சரி. நவம்பரில் ஆசிரியருக்கு நெஞ்சு நோய் வந்தது.

“தம்பி, வருத்தம் வாறதுக்கும் அவையள் தவணை போட்டு வைச்சிருக்கினமோ?” என்று அவர் எம்மைக் கேட்டார். நாம் விடை சொல்லவில்லை.

இனி நீதியை ஆராய்வோம். எந்தச் சட்டத்தையும் கண்டிக்குமுன் அதன் தரப்பு வாதத்தை முழுவதும் கேட்பது எமது தொழில் தந்த பழக்கம். காப்புறுதி என்பது பலர் சேர்ந்து இடும் பொதுப் பணம். நலமாயிருக்கும்போது விலகி நின்று, நோய் வந்ததும் ஓடி வந்து சேர எல்லோருக்கும் இடமளித்தால், நோயாளர் மட்டுமே உள்ளே இருப்பர், சந்தா ஏறும், ஏற ஏற நலமுள்ளோர் மேலும் விலகுவர், ஈற்றில் நிதி முறியும். வெள்ளம் வயலை மூடிய பின் பயிர்க் காப்புறுதி கேட்கும் கமக்காரனுக்கு எந்தச் சபையும் காப்புறுதி வழங்காது. வழங்கினால் வேளைக்குச் சந்தா கட்டிய மற்றக் கமக்காரருக்கே அநீதி. ஆகவே சேர்வதற்கு ஒரு காலம் வேண்டும், தாமதித்தவருக்கு ஏதோ ஒரு தண்டமும் வேண்டும் என்ற கொள்கையை நாம் மறுக்கவில்லை.

ஆனால் இரணைமடுவில் தண்ணீர் திறக்கும் நாளும் விதைப்பை முடிக்க வேண்டிய நாளும் எப்படித் தீர்மானிக்கப்படுகின்றன? பயிர்ச்செய்கைக் கூட்டத்தில், கமக்காரர் முன்னிலையில். பிந்தி விதைத்தவன் பின்னர் தண்ணீர் இல்லையென்று முறையிட்டால், கூட்டத்தில் சொன்னோமே என்று கூறும் தகுதி அதிகாரிக்கு உண்டு. தவணை வைப்பவன் தவணையை அறிவிக்கக் கடமைப்பட்டவன். மெடிக்கெயார்ச் சட்டத்தில் எமக்குள்ள முதற் குறை இந்தக் கடமை பற்றியதே.

65 வயதுக்கு நான்கு மாதங்களுக்கு முன்னரேனும் சமூகப் பாதுகாப்பு ஓய்வூதியம் பெறத் தொடங்கியவர்களை அமெரிக்க அரசாங்கம் தானாகவே மெடிக்கெயாரிற் சேர்த்து, அட்டையைத் தபாலில் அனுப்பிவிடுகிறது. திட்டம் தோன்றிய காலத்தில் முழு ஓய்வூதிய வயதும் 65. மெடிக்கெயார் வயதும் 65. இரண்டும் ஒரே வாசலாயிருந்தன. 1983ஆம் ஆண்டுத் திருத்தம் முழு ஓய்வூதிய வயதைப் படிப்படியாக உயர்த்தியது. 1960இலும் அதற்குப் பின்னரும் பிறந்தோருக்கு அது 67. மெடிக்கெயார் வயதோ 65இலேயே நின்றுவிட்டது. முழு ஓய்வூதியத்துக்காகக் காத்திருப்பவர் இப்பொழுது 67 வரை ஓய்வூதிய அலுவலகத்தின் பக்கமே போவதில்லை. அவரைத் தானாகச் சேர்ப்பார் எவருமில்லை. ஒரு சட்டத்தில் ஓர் எண்ணை மாற்றியவர்கள், மற்றச் சட்டம் அந்த எண்ணையே நம்பி நின்றதைக் கவனிக்காமல் விட்டதனால் விளைந்த குழி இது.

குறையை அந்நாட்டார் அறியாதவரல்லர். 2020 டிசெம்பரில் நிறைவேறிய ஒரு சட்டத்தினால், 2023 ஜனவரி தொடக்கம் ஒரு பகுதி திருத்தப்பட்டது. முன்னர் பொதுக் காலமாகிய ஜனவரியிற் பதிந்தவருக்கும் காப்புறுதி ஜூலை முதலாந் திகதியே தொடங்கும். இப்பொழுது பதிந்த மாதத்துக்கு அடுத்த மாதமே தொடங்குகிறது. எமது ஆசிரியர் 2025 ஜனவரியிற் பதிந்து பெப்ரவரியில் உள்ளே வந்தது இத்திருத்தத்தின் பயன். பழைய விதி நிலைத்திருந்தால் இன்னும் ஐந்து மாதங்கள் வெளியே நின்றிருப்பார். ஆயினும், வயதெய்தப்போகும் ஒவ்வொருவருக்கும் முன்கூட்டியே கடிதம் அனுப்ப வேண்டும் என்று கோரப்பட்ட கடமை அத்திருத்தத்தில் இடம்பெறவில்லை.

இந்த அறிவித்தலில் என்ன கடினம் இருக்கிறது? பிறந்த திகதி அரசாங்க ஏட்டில் இருக்கிறது. வதிவுரிமை வழங்கிய திகதியும் அரசாங்க ஏட்டில் இருக்கிறது. உழைத்த காலமெல்லாம் சம்பளத்தில் வரி கழிக்கத் தவறாத கை, ஒரு கடிதம் எழுதுவதற்கு மட்டும் தளர்ந்துபோவானேன்? கடிதம் வந்தாலும் அது முதியவருக்கு விளங்கும் மொழியில் வரவேண்டும் என்பதையும் சொல்லி வைக்கிறோம். விளங்காத மொழியில் வரும் அரசாங்கக் கடிதத்தைப் பற்றி எம்மவருக்கு எவரும் பாடம் சொல்ல வேண்டியதில்லை.

இதே அமெரிக்கா ஒரு காலத்தில் வேறு விதமாக நடந்தது என்பதே எமக்கு வியப்பைத் தருவது. 1965 ஜூலை 30ஆம் நாள் ஜனாதிபதி ஜோன்சன், மிசூரி மாநிலத்து இன்டிப்பென்டன்ஸ் நகரில், முன்னாள் ஜனாதிபதி ட்ரூமன் அருகிருக்க இச்சட்டத்தில் ஒப்பமிட்டார். தேசிய நோய்க் காப்புறுதி வேண்டுமென்று 1945இலேயே கேட்டுத் தோற்ற ட்ரூமனுக்கே முதலாவது அட்டை வழங்கப்பட்டது. திட்டம் 1966 ஜூலை 1ஆம் நாள் தொடங்கவிருந்தது. பீ பகுதிக்கு அப்போது மாதச் சந்தா 3 டொலர். அதற் சேர்வதற்கு முதலில் வைத்த இறுதி நாள் 1966 மார்ச் 31. அந்நாள் நெருங்கியபோது இன்னும் பலர் சேரவில்லையென்று கண்ட அரசாங்கம் என்ன செய்தது? தண்டம் விதிக்கவில்லை, இறுதி நாளை மே 31க்குத் தள்ளிவைத்தது. அதற்கு முன்னரே, வறிய முதியவர்களைச் சம்பளத்துக்கு அமர்த்தி, மற்ற முதியவர்களின் வீடுகளுக்கு அனுப்பி, கதவைத் தட்டிச் சொல்ல வைத்திருந்தது. முதியவர் சொன்னால் முதியவர் கேட்பார் என்று அறிந்து செய்த காரியம் அது. ஊர் ஊராகத் திண்ணையில் அமர்ந்து வாக்காளர் இடாப்பைச் சரிபார்த்த எம்போன்றோருக்கு, அந்த வேலையின் அருமை தெரியும். திட்டம் தொடங்கியபோது ஏறத்தாழ 1 கோடி 90 இலட்சம் முதியோர் அதன் ஏட்டில் இருந்தனர். கறுப்பு இனத்தவரைத் தனி அறைகளில் ஒதுக்கி வைத்த வைத்தியசாலைகளுக்கு மெடிக்கெயார்ப் பணம் இல்லை என்று கூறி, தென் மாநிலங்களின் அக்கொடுமையையும் அதே ஆண்டில் உடைத்தனர். அன்று அரசாங்கம் முதியவரின் படலையைத் தேடிச் சென்றது. இன்று முதியவரே நாட்காட்டியைக் கையில் ஏந்தி அரசாங்கத்தைத் தேடிச் செல்ல வேண்டியிருக்கிறது.

இரண்டாவது குறை தண்டத்தின் அளவு. பீ பகுதியில், சேராமற் கழிந்த ஒவ்வொரு முழுப் பன்னிரண்டு மாதத்துக்கும் சந்தா நூற்றுக்குப் பத்து வீதம் ஏறும். ஏறியது பீ பகுதி உள்ளவரை, அதாவது பெரும்பாலும் ஆயுள் உள்ளவரை, இறங்காது. 2026ஆம் ஆண்டின் சாதாரணச் சந்தா மாதம் 202 டொலர் 90 சதம். இரண்டு முழு ஆண்டுகள் தவறியவர் அதற்கு மேல் ஏறத்தாழ 40 டொலர் மாதந்தோறும் கட்டுவார். சந்தா ஆண்டுதோறும் உயர்ந்தால் தண்டமும் உயரும். டீ பகுதிக்கும் வாழ்நாள் தண்டம் உண்டு. அது மாதக் கணக்கில் நூற்றுக்கு ஒன்றாக ஏறுவது.

இதற்கு மறுப்பை நாம் வேறெங்கும் தேட வேண்டியதில்லை. அதே சட்டத்தின் ஏ பகுதியிலேயே இருக்கிறது. தாமோ வாழ்க்கைத் துணையோ நாற்பது காலாண்டுகள், அதாவது பத்து ஆண்டுகள், உழைத்து வரி செலுத்தியவருக்கு ஏ பகுதி இலவசம். அவ்வாறு உழைத்திராதவர், எமது ஆசிரியரைப் போல, அதனை விலைக்கு வாங்க வேண்டும். 2026இல் முழுச் சந்தா மாதம் 565 டொலர். பிள்ளைகளின் உழைப்புப் பெற்றோரின் கணக்கில் வராது என்பதை இங்கே குறித்துக்கொள்க. இந்த ஏ பகுதியைத் தாமதித்து வாங்கியவருக்கும் பத்து வீதத் தண்டம் உண்டு. ஆனால் தவறிய காலத்தின் இரு மடங்கு காலத்துக்கே அது செல்லும். இரண்டு ஆண்டு தாமதித்தவர் நான்கு ஆண்டு கட்டி விடுதலை பெறுவார். தண்டத்துக்கு ஓர் எல்லை வேண்டும் என்று ஒரு பகுதியில் ஒப்புக்கொண்ட சட்டம், அடுத்த பகுதியில் அதே முதியவரை அதே தவறுக்கு ஆயுள் முழுவதும் தண்டிப்பது எந்த நியாயத்தால்? கொலை வழக்கில் அன்றோ ஆயுள் தண்டனை கேட்கிறோம்!

உத்தியோகத்திலிருக்கும் எம்மவர்க்கு உரிய வேறொரு குழியையும் சொல்ல வேண்டும். 65 வயதுக்குப் பின்னும் வேலை பார்ப்பவர், தம்முடைய அல்லது துணைவரின் தற்போதைய வேலை மூலம் காப்புறுதி பெற்றிருந்தால், பீ பகுதியைத் தண்டமின்றிப் பிற்போடலாம். வேலை அல்லது அக்காப்புறுதி, எது முந்தி முடிகிறதோ அதன்பின் எட்டு மாதங்கள் அவருக்குத் தனிக் காலம் உண்டு. இருபது பேருக்குக் குறைந்தோர் வேலை செய்யும் இடமானால், மெடிக்கெயாரே முதலிற் பணம் செலுத்த வேண்டியதாகையால், பிற்போடுவது ஆபத்து. வேலையை விட்ட பின் பழைய முதலாளியின் காப்புறுதியைச் சொந்தப் பணத்தில் நீடித்துக்கொள்ளும் ஏற்பாடு ஒன்றுண்டு; கோப்ரா என்பர். கையில் காப்புறுதி இருக்கிறதே என்று அதை நம்பிப் பதினெட்டு மாதங்கள் இருந்துவிட்டு வருபவர், எட்டு மாதத் தவணை எப்போதோ முடிந்துவிட்டதைக் காண்பார். அது “தற்போதைய வேலை” மூலம் வந்த காப்புறுதி அன்று என்பது சட்டத்தின் கணக்கு. சொல்லளவில் சரியான வியாக்கியானம்தான். ஆனால் அதைச் சாதாரண மனிதன் ஊகிக்க வேண்டுமென எதிர்பார்ப்பது நியாயமாகாது. தனியார் விற்கும் துணைக் காப்புறுதிக்கும் ஆறு மாதக் காலம் ஒன்றுண்டு. பீ பகுதி தொடங்கும் மாதத்திலிருந்து அது ஓடும். அதன் பின், நியூயோர்க், கனெக்டிகட் போன்ற சில மாநிலங்கள் நீங்கலாகப் பிற இடங்களில், நோயைக் காரணம் காட்டி மறுக்க நிறுவனங்களுக்கு இடமுண்டு.

சட்டம் படித்தோர் இரசிக்கக்கூடிய ஒரு நுட்பமும் உண்டு. மாதத்தின் முதலாந் திகதியிற் பிறந்தவர், முந்திய நாளே அவ்வயதை எய்திவிட்டதாகப் பழைய ஆங்கில வழக்கு விதி கொள்ளும். ஆதலால் அவருடைய ஏழு மாதமும் ஒரு மாதம் முந்தித் தொடங்கி ஒரு மாதம் முந்தி முடிகிறது. பரீட்சைக் கேள்விக்கு ஏற்றது, முதியவருக்கு ஏற்றதோ?

தவறியோருக்கு ஒரு பரிகாரமும் இல்லையென்று நினைக்க வேண்டாம். அரசாங்க அலுவலர் பிழையான தகவல் தந்ததனாலேயே தவறியது என்று காட்டினால் நிவாரணம் கேட்கலாம். முதலாளியோ காப்புறுதித் திட்டமோ பிழையாகச் சொல்லியிருந்தாலும், பேரிடர் நேர்ந்திருந்தாலும் 2023 முதல் தனிக் காலம் உண்டு. ஆகவே யாரிடம் பேசினோம், எந்நாளிற் பேசினோம், என்ன சொன்னார் என்பதை எழுதி வைத்துக்கொள்வது அவசியம். மருமகனின் ஊகம் மட்டும் இப்பட்டியலில் இல்லை.

எல்லாவற்றிலும் கொடியதை ஈற்றில் வைத்தோம். 2025 ஜூலை 4ஆம் நாள் அமெரிக்காவில் ஒப்பமிடப்பட்ட புதிய சட்டம், மெடிக்கெயாரிற் சேரத்தக்கோரின் வகுப்பையே சுருக்கிவிட்டது. பிரசைகள், நிரந்தர வதிவாளர், வேறு ஓரிரு குறித்த பிரிவினர் ஆகியோரே இனி அதற்குரியர். அகதியாக ஏற்கப்பட்டவர், புகலிடம் வழங்கப்பட்டவர், நிரந்தர வதிவுரிமை பெறாமல் அந்த நிலையிலேயே இருப்பாராயின், நாற்பது காலாண்டுகள் உழைத்து வரி செலுத்தியிருந்தாலும், அவருக்கு இடமில்லை. ஏற்கெனவே ஏட்டில் இருப்போருக்கும் பதினெட்டு மாதங்களே தரப்பட்டன. அத்தவணை 2027 ஜனவரி 4ஆம் நாள் முடிகிறது. யுத்தத்திலிருந்து தப்பி அங்கு புகலிடம் பெற்று, ஆண்டுக்கணக்காகச் சம்பளத்தில் மெடிக்கெயார் வரி கழிக்கப்பட்ட ஒருவரிடம், வரி எமது, சிகிச்சை உமதன்று என்று சொல்வதற்கு எந்த நீதி நூலிலும் ஆதாரம் காணோம். ஆயினும், அந்நீதியை அங்குள்ள மன்றங்களும் சட்டசபையும் தீர்க்கும்வரை எம்மவர் காத்திருக்கலாகாது. புகலிடம் பெற்று ஓராண்டு கழிந்தவர் நிரந்தர வதிவுரிமைக்கு விண்ணப்பிக்கலாம். விண்ணப்பித்தால் மட்டும் போதாது, அது கிடைத்திருக்க வேண்டும். அதற்கோ மாதங்கள் செல்லும்.

ஆசிரியரின் காணி பற்றி: விற்க வேண்டாமென்று கூறி அனுப்பியிருக்கிறோம். வைத்தியசாலைக் கடனைக் குறைக்கும்படி முதலில் எழுத்து மூலம் கேட்குமாறு மகளுக்குச் சொன்னோம். வருமானம் குறைந்தோருக்கு அவ்வாறு குறைக்கும் திட்டங்களை இலாப நோக்கற்ற வைத்தியசாலைகள் வைத்திருக்க வேண்டுமென்று அந்நாட்டுச் சட்டமே விதிக்கிறது. இவ்வாரம் அக்கரையிலுள்ள பிள்ளைகளோடு தொலைபேசியிற் பேசும் பெற்றோர், தாங்கள் 65 வயதை எய்தும் மாதத்தையும், வதிவுரிமை கிடைத்த திகதியையும் ஒரு தாளில் எழுதி அருகில் வைத்துக்கொண்டு பேசுவார்களாக. ஏழு மாதங்களை அந்தத் தாளிலிருந்து எண்ணுவதற்குப் பொறியியலாளர் தேவையில்லை.